அந்தியூர்ச் சந்தைக் குதிரையும் ஊர் வண்டித்தடமும்

ஈரோடு மாவட்டம் அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்தில், ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழா வந்துவிட்டால் கோயிலைச் சுற்றியுள்ள காடு தோட்டமெல்லாம் சந்தைதான். பர்கூர் மலையிலிருந்து இறங்கிய செம்மறை மாடுகள் ஒரு பக்கம், காங்கேயம் காளைகள் ஒரு பக்கம். கூட்டம் அதிகமாக மொய்ப்பது குதிரைகளைத்தான். மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை வெளேரென்ற நொக்ரா என்று வரிசையாகக் கட்டியிருப்பார்கள். திப்பு சுல்தான் படைக்குக் குதிரை வாங்கிய காலத்திலிருந்தே நடக்கும் சந்தை என்று ஊரில் சொல்வதுண்டு.

வாங்க வருபவர்கள் சுழி பார்க்கிறார்கள், பல் பார்க்கிறார்கள், மேளத்துக்கு ஆடுகிறதா என்று பார்க்கிறார்கள். காது எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பவர் குறைவு. மேளத்துக்குப் பழகிய குதிரை வாய்க்கால் கரைக்கும் பழகியிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. லாரியில் ஏறி, புது ஊரில் இறங்கி, கூட வந்த குதிரைகளைப் பிரிந்து நிற்கும் பிராணி அது. மறுநாளே சேணம் போட்டு வண்டித்தடத்தில் ஓட்டினால், சோளக்காட்டிலிருந்து ஒரு மயில் படபடவென்று எழும்பியதும் பாய்ந்துவிடும். மேலே இருப்பவருக்கு எலும்பு முறியும். தார்ச்சாலைப் பக்கம் பாய்ந்தால் குதிரையும் மிஞ்சாது.

குதிரை இரையாக வாழ்ந்த இனம். பயம் வந்தால் முதலில் ஓடும், பிறகுதான் என்னவென்று பார்க்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்வை உண்டு. ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தெரியாது. வெயிலிலிருந்து புளியமர நிழலுக்குள் போகும்போது அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரமாகும். நிழலில் தயங்கி நிற்பதைத் திமிர் என்று நினைத்துச் சாட்டையை எடுப்பவர்கள் அதிகம். அடி விழுந்தால், அந்த இடத்தில் பயந்ததற்குக் காரணம் இருந்தது என்றுதான் குதிரை புரிந்துகொள்ளும்.

முதல் ஒன்றிரண்டு வாரம் ஏறாமல், கையில் பிடித்து நடத்திப் போவதே நல்லது. நேர் பின்னாலிருந்து வராமல், பேசிக்கொண்டே இடது தோள் பக்கமாக நெருங்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரை இழுத்தால் விரல் போய்விடும். தடத்தில் பழகிய வயதான குதிரை ஒன்று ஊரில் இருந்தால் அதை முன்னே விடலாம். பாதி வேலை அதிலேயே முடியும்.

பறக்கும் தார்ப்பாய், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், ஓடும் டிராக்டர் எதுவானாலும் நேராக இழுத்துக்கொண்டு போகக் கூடாது. காது விறைத்துத் தலை உயரும் இடத்திலேயே நிறுத்திப் பார்க்க விட வேண்டும். தலை தாழ்ந்து, வாயை மென்று, மூக்கால் புஸ்ஸென்று மூச்சு விட்டால் பதற்றம் தணிகிறது என்று பொருள். அப்போது பிடரி முடியும் இடத்தில், முதுகு மேட்டை நன்றாகச் சொறிந்துவிட்டுத் திரும்பிவிடலாம். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறையும். நாளைக்கு இரண்டடி கூடப் போகலாம். தேங்கிய தண்ணீரின் ஆழம் அதற்குத் தெரியாது. கல்வெர்ட்டு மேல் குளம்புச் சத்தம் மாறுவதும் மிரட்டும். இந்த இரண்டுக்கும் தனியாக நாள் ஒதுக்க வேண்டும்.

ஏறிய பிறகு மிரண்டால் இரண்டு லகானையும் சேர்த்து இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அடைபட்டது போலாகிக் குதிரை இன்னும் துள்ளும். வேகம் பிடிப்பதற்கு முன்பே ஒரு பக்க லகானை மெதுவாக இழுத்து வட்டமாகத் திருப்பினால் பாய்ச்சல் அடங்கும். ஏறுபவர் மூச்சை அடக்கிக்கொண்டு தொடையை இறுக்கினால் அந்தப் பதற்றம் கீழேயும் போகும். ஹெல்மெட் கட்டாயம்.

எவ்வளவு பழக்கியும் மாறாத குதிரைக்கு வலி இருக்கலாம். சேணம் அழுத்திய புண், கூர்ந்த பல், தேய்ந்த லாடம் இவற்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தீனியையும் பார்க்க வேண்டும். நாள் முழுக்கக் கட்டிப்போட்டுக் கொள்ளும் ஓட்ஸும் குறைவில்லாமல் வைத்தால் எந்தக் குதிரையும் துள்ளத்தான் செய்யும். வேலை குறைந்த நாளில் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். இன்னொரு குதிரையோ, இல்லாவிட்டால் ஆடோ மாடோ கண்ணில் படும்படி கட்டினால் இரவில் கலவரப்படுவதும் குறையும்.