பெயர்ப்பலகையும் முகநூற் பக்கமும்

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் மிளகாய்த்தூள் இடித்து விற்கும் பெண்ணுக்கு விளம்பரம் தேவைப்பட்டதில்லை. அவள் யாருடைய மகள், எந்த ஒழுங்கையில் வசிக்கின்றாள், மல்லியைப் பக்குவமாக வறுப்பவளா, அளவிற் குறைப்பவளா என்பனவற்றையெல்லாம் அயல் அறிந்திருந்தது. அவ்வறிவே அவளது பெயர்ப்பலகையாக அமைந்தது. அதே தூளைக் கொழும்பில் இருப்பவரோ ரொறன்ரோவில் இருப்பவரோ வாங்க விரும்பும்போது நிலைமை மாறிவிடுகின்றது. வாங்குபவர் அவளை அறியார். அவளும் வாங்குபவரை அறியாள். அயலார் அறிந்திருந்ததை அறியாதவருக்கு எடுத்துரைப்பதே சமூக ஊடகத்தில் அமையும் வணிகப் பக்கத்தின் முதன்மையான பணி எனலாம்.

இதற்கான கருவிகள் அண்மைக்காலத்தவை. 2004இல் தோன்றிய முகநூல் 2007இல் வணிக நிறுவனங்களுக்குத் தனிப் பக்கங்களை வழங்கத் தொடங்கியது. சிறு வணிகர்க்கான வட்ஸ்அப் செயலி 2018இல் வெளிவந்தது. 2020 மார்ச்சில் இலங்கையில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டுக் கடைகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்து உற்பத்தி செய்வோர் பலருக்கு இவை பொழுதுபோக்கு என்ற நிலை நீங்கிப் பிழைப்புக்கான வழியாயின. பக்கமொன்றைத் தொடங்கப் பணம் வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைப்பதனாலேயே அது கவனமின்றி அமைக்கப்படுவதும் உண்டு.

பக்கத்தைத் திறப்பவர் முதற்கணத்திலேயே நான்கு வினாக்களுக்கு விடை தேடுகின்றார். விற்கப்படுவது யாது? விற்பவர் யார்? எவ்வாறு பெறலாம்? விலை என்ன? இவற்றுக்கு விடை தராத பக்கம், எத்துணை அழகிய வர்ணங்களைக் கொண்டிருப்பினும், பூட்டிய கடையின் பெயர்ப்பலகையே ஆகும். ஆகவே பெயர் பொருளை உணர்த்துவதாக இருத்தல் வேண்டும். பிள்ளைகளின் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்த பெயர் குடும்பத்தாருக்கு இனிக்கலாம். ஒடியல் என்றோ பனாட்டு என்றோ தேடுபவரை அது சென்றடையாது. தேடுவோருள் தமிழில் எழுதுவோரும் உளர். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவோரும் உளர். இரு வடிவங்களும் அறிமுகக் குறிப்பில் இடம்பெறுதல் பயன்தரும். இலச்சினை கைத்தொலைபேசித் திரையில் விரல்நக அளவிலேயே தோன்றுமாதலால், அதனுள் நீண்ட வாசகங்களைத் திணிப்பதாற் பயனில்லை. புகைப்படங்களைப் பொறுத்தவரை, இணையத்திலிருந்து எடுத்த பளபளப்பான படத்தைவிட, முற்றத்து வெளிச்சத்தில் எடுத்த சொந்தப் பொருளின் படமே மேலானது. கடன்வாங்கிய படத்திற் கண்ட சிவப்பைப் பொதிக்குள் இருக்கும் தூளிற் காணாதவர் மீண்டும் வருவதில்லை.

விற்பவர் யார் என்ற வினா பெண்களைப் பொறுத்தவரை எளிதானதன்று. முகத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் பொதுவெளியில் இடும் பெண்கள் வேண்டாத அழைப்புகளுக்கும் செய்திகளுக்கும் ஆளாகின்றனர். அதற்கஞ்சித் தம்மை முற்றாக மறைத்துக்கொண்டால், மோசடிக்காரரிடமிருந்து அவர்களை வேறுபடுத்தி அறிய வாங்குபவருக்கு வழியில்லை. இவ்விரண்டுக்குமிடையே நடுவழி உண்டு. வணிகத்துக்கெனத் தனி இலக்கம் வைத்துக்கொள்ளலாம். பதிலளிக்கும் நேரத்தைக் குறிப்பிடலாம். வீட்டு விலாசத்துக்குப் பதிலாக ஊரின் பெயரைத் தரலாம். முகத்தைக் காட்ட விரும்பாதவர் தூள் இடிக்கும் கைகளையும் காயும் மிளகாயையும் காட்டலாம். நம்பிக்கை முகத்தினால் மட்டும் பிறப்பதன்று. செய்தொழில் கண்ணுக்குப் புலனாவதாலும் பிறப்பதாகும்.

விலையைக் கூறாது, ‘விலை அறிய இன்பொக்ஸ் வருக’ என எழுதும் வழக்கம் இன்று பரவியுள்ளது. ஆளைப் பார்த்து விலை சொல்லப்படுகின்றதோ என்ற ஐயத்தை இது தோற்றுவிக்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வணிகர் விலையை வாங்குவோர் காணக் காட்சிப்படுத்த வேண்டும் எனவும், கேட்குமிடத்துப் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும் எனவும் விதிப்பதுடன், தவறாக வழிநடத்தும் நடத்தையையும் தடைசெய்கின்றது. சட்டம் கடையிலே வேண்டிநிற்கும் நேர்மையைப் பக்கத்திலே கைவிடுவதற்கு நியாயம் இல்லை. எனினும் வணிகர் பக்கத்திலும் ஒரு காரணம் இருந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்ரெம்பரிற் பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. அத்தகைய காலத்தில் எழுதிய விலை விரைவிற் பொய்யாகிவிடும். அதற்குரிய பரிகாரம் விலையை மறைப்பதன்று. விலையுடன் திகதியையும் நிறையையும் குறித்து, அஞ்சற் செலவு வேறாயின் அதனையும் கூறிவிடுவதே ஆகும்.

பக்கத்தின் உண்மையான சோதனை முறைப்பாடு வரும்போதே நிகழ்கின்றது. பொதி உடைந்து வந்தது என ஒருவர் எழுதினால், அதனை அழித்துவிடுவது எளிது. ஆனால் அழிக்கப்பட்டதைக் கண்ட ஒருவர் பத்துப் பேருக்குச் சொல்வார். வருத்தம் தெரிவித்து, வேறு பொதி அனுப்பி, அதனை அவ்விடத்திலேயே குறிப்பிடுவது நூறு புகழுரைகளைவிட வலிமையானது. விலைகொடுத்துப் பெறும் விருப்பக்குறிகள் இதற்கு ஈடாகமாட்டா. அவற்றை இடுவோர் தூள் வாங்குவோர் அல்லர்.

பக்கம் எவ்வளவு சிறப்பாயினும் அது பிறர் காணியிற் கட்டிய கடை என்பதை மறத்தலாகாது. 2018 ஜனவரியில், நண்பர்களினதும் உறவினர்களினதும் பதிவுகளுக்கு முதன்மை அளிக்கப்போவதாக முகநூல் நிறுவனம் அறிவித்தது. வணிகப் பதிவுகள் பின்தள்ளப்பட்டன. 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி முகநூல், இன்ஸ்ரகிராம், வட்ஸ்அப் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் செயலிழந்தன. இலங்கையில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கமே சமூக ஊடகங்களைத் தடைசெய்தது. அன்றாட வருமானத்தில் அடுப்பெரிக்கும் குடும்பத்துக்கு இத்தகைய தடை சிறிய விடயமன்று. எனவே வாடிக்கையாளரின் பெயர்களையும் இலக்கங்களையும், அவர்களின் சம்மதத்துடன், ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் பழைய முறையாயினும் பாதுகாப்பானது.

சுருங்கக்கூறின், பக்கம் ஒரு வாக்குறுதியேயன்றி வேறில்லை. அது வாங்குபவரை ஒருமுறை அழைத்துவரும். மறுமுறை அழைத்துவருவது பொதியினுள் இருக்கும் பொருளே. அயலாரின் வாய்ச்சொல்லை நம்பியிருந்த காலத்திலும் இதுவே நியதியாயிருந்தது. கேட்போர் கடல்கடந்தும் இருப்பதால், இன்று பொய்யின் விலையும் மெய்யின் பயனும் அன்றைவிடப் பெரியனவாகிவிட்டன.