குழந்தைகளுடன் கடல் கடந்து

குழந்தை குட்டிகளுடன் அயல்நாடு செல்வதென்றால் பாதிப் பேர் வீட்டிலேயே பின்வாங்கிவிடுவார்கள். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். படம் பிடிக்கையில் அது கண்ணைத் திறந்திருக்கவும் வேண்டும்!

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914-ல் கப்பல் ஓடத் தொடங்கிற்று. 1964 டிசம்பர்ப் புயல் அந்தத் துறையையே கொண்டுபோய்விட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட்டது. சுமார் 60 கடல் மைல். ஏறக்குறைய நாலு மணி நேரப் பிரயாணம். நாங்கள் சென்ற அன்று அலைகள் குழந்தைகளின் வயிற்றைப் புரட்டி எடுத்துவிட்டன. எலுமிச்சம்பழமும் மாற்றுத் துணியும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒருவர், "வடிவான பிள்ளை" என்று என் மகளின் கன்னத்தைத் தட்டினார். "வெளிநாடு என்றீர்களே, அப்பா! தமிழ் பேசுகிறார்களே?" என்றாள் அவள். அந்த ஆனந்தத்துக்காகவே எத்தனை அலைகளையும் தாங்கலாம்.

மீண்டும் எழுந்து நிற்கும் பொது நூலகத்தின் எதிரில்தான் சங்கடம் வந்தது. 1981-ல் அங்கே சுமார் 97,000 நூல்கள் எரிந்து சாம்பலாயின. "புஸ்தகம் யாரை என்ன செய்தது?" என்று கேட்டான் பையன். அந்த மாலைப்பொழுது முழுவதும் வாசலிலேயே நின்று, அவனுக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். தனியே போயிருந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு நடந்திருப்பேன்.