கறுப்புப் பொடி

அக்கா மூக்கையும் வாயையும் மூடியிருக்கிறார். பையனின் மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்குகிறது. புதுச்சேரிக்கு வெளியே, தோப்புக்குள் ஒரு மட்பாண்டப் பட்டறை. மின்தராசின் மேல் மடித்த காகிதம், அதில் கோபால்ட் ஆக்சைடு. கரித்தூள் என்று சொல்லி நீட்டினால் வாங்கிக்கொள்வோம்.

"போதும்டா, கரண்டியைத் தட்டாதே. பறக்கும்."

10 கிராம். பக்கத்து வாளியில் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சுண்ணாம்புக்கல்லும் வெள்ளைக் களிமண்ணுமாக ஒரு கிலோ கிளேஸ் கலவை, பாத்திரத்தின் மேல் பூசுவது. நூற்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். பாதி போட்டாலும் நீலம் வரும். அலமாரியில் உள்ள பொடிகளிலேயே விலை கூடியதும் இதுதான்; காகிதத்தில் ஒட்டியிருப்பதைக்கூட அக்கா தூரிகையால் வழித்துப் போடுகிறார்.

பையன் அதைக் கல்வத்திலிட்டு, தண்ணீர் தெளித்து அரைக்கிறான். அப்படியே கொட்டினால் வெந்த பின் நீலம் புள்ளி புள்ளியாக நிற்கும். பிறகு வாளியில் ஊற்றிக் கலக்கி, சல்லடையில் வடிக்கிறான். வடிந்தது வெறும் சாம்பல் நிறம்.

நீலம் சூளையில்தான் பிறக்கிறது. சுமார் 900 டிகிரி செல்சியஸில் இந்தக் கறுப்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனில் கொஞ்சத்தை விட்டுவிடும். இன்னும் சூடேறி கிளேஸ் கண்ணாடியாக உருகும்போது அதற்குள் கரைந்துவிடும். தாமிரத்துக்குச் சபல புத்தி: காற்று தாராளமாக இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. கோபால்ட் எப்படி எரித்தாலும் நீலம்தான். 1351ஆம் ஆண்டைப் பொறித்த இரண்டு சீனப் பூச்சாடிகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அந்த நீலமும் இதே உலோகம்தான்.

முன்னறையில் ஒரு தம்பதி. அந்த அம்மா நீலக் கப் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இதுல காபி குடிக்கலாமா மேடம்? கெமிக்கல் ஏதாவது இறங்குமா?"

"ஈயம் சேர்க்கிறதில்லைங்க. கிளேஸ் சரியா உருகியிருந்தா மத்ததும் இறங்காது. லேபுக்கு அனுப்பிப் பார்த்துதான் விக்கிறோம்."

லேபில் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி, 24 மணி நேரம் வைத்து, எந்த உலோகம் எவ்வளவு கரைந்தது என்று அளப்பார்கள். அக்காவிடம் அதற்கு முந்திய சோதனை ஒன்று உண்டு. ஜன்னல் திட்டில், தாமிர ஆக்சைடைத் தாராளமாகப் போட்டுச் சுட்ட பச்சை ஓடு. அதன்மேல் நேற்று கவிழ்த்து வைத்த அரை எலுமிச்சை. எடுத்துக் கழுவுகிறார். பழம் இருந்த இடம் மட்டும் பளபளப்பு போய், வட்டமாக வெளுத்திருக்கிறது.

"இது பூந்தொட்டிக்குத்தான்" என்று ஓரமாக வைக்கிறார். நிறம் மாறினால் கிளேஸ் தோற்றது நிச்சயம். மாறாவிட்டால் ஜெயித்ததாக அர்த்தமில்லை, லேப் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. ஆனால் உள்ளே பையன் துடைப்பத்தை எடுத்துவிட்டான். காய்ந்த தரை. ஜன்னல் வெயிலில் தூசி எழும்புவது இங்கிருந்தே தெரிகிறது. அதில் குவார்ட்ஸும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கா அது. கோபால்ட் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையும் சிலருக்கு ஆஸ்துமாவும் தரும். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் கோபால்ட் உலோகத்தையும் கரையும் உப்புகளையும் புற்றுநோய் தர அதிக வாய்ப்புள்ளவை என்று வைத்திருக்கிறது. இந்தக் கறுப்பு ஆக்சைடைப் பற்றித் தீர்ப்புச் சொல்லச் சான்று போதவில்லை என்கிறது. கப்பில் அது கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கிறது. பையனுக்கு எந்தப் பூட்டும் இல்லை. மாஸ்க் இன்னும் தாடையில்தான்.

"துடைக்கச் சொன்னேனா, பெருக்கச் சொன்னேனா?" அக்கா துடைப்பத்தைப் பிடுங்குகிறார்.

"ஈரத்துணி போட்டா காய லேட்டாவுதுக்கா."

"ஆவட்டும். மாஸ்க்கை ஏத்து."

அவன் ஏற்றுகிறான். வாளியில் துணியை நனைத்துப் பிழியும்போது அது மறுபடி நழுவுகிறது.

"மேடம், ரெண்டா எடுத்தா விலை குறைப்பீங்களா?" என்று முன்னறையிலிருந்து குரல் வருகிறது.