அப்பாவிடம் கற்ற கண்ணாடி வேலை

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?” என்று யாராவது கேட்டால், ஒன்பதாம் வகுப்பு வரை நான் “கார் வேலை” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். கேட்டவர்கள் மெக்கானிக் என்று எண்ணிக்கொள்வார்கள். நானும் திருத்த மாட்டேன். என் அப்பா மெக்கானிக் அல்லர். கண்ணாடிகளுக்குக் கூலிங் பிலிம் ஒட்டுபவர். ஆண்டு மலருக்கு எழுதும்படி எங்கள் வகுப்பாசிரியைச் சிஸ்டர் கேட்டபோது, “உனக்கு நன்றாகத் தெரிந்ததை எழுது” என்றார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது இந்த வேலைதான். ஆகவே, அன்புத் தோழியரே, அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் கைக்குழந்தையாய் இருந்தபோது அப்பாவுக்குத் திருச்சியில் ஒரு சிறு கொட்டகை இருந்தது. கார்கள் அங்கே வரும். அப்பா கண்ணாடியைக் கழுவி, பிலிமை வெட்டி, ஹீட் கன்னால் சூடு காட்டி, வளைவுக்கு ஏற்றபடி சுருக்கி ஒட்டுவார். காரின் பின்பக்கக் கண்ணாடி மேலும் கீழும் வளைந்திருக்கும், பக்கவாட்டிலும் வளைந்திருக்கும். அதில் ஒரு சுருக்கமும் இல்லாமல் ஒரே துண்டாகப் பிலிமை ஒட்டுவது எளிதன்று. அப்பா அதில் கைதேர்ந்தவர் என்று அம்மா பெருமையாகச் சொல்வார்கள்.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கார்க் கண்ணாடிகளில் கறுப்புப் பிலிம் ஒட்டக் கூடாது, மே 4 முதல் இது நடைமுறைக்கு வரும் என்பது தீர்ப்பு. வண்டிக்குள் நடக்கும் குற்றங்கள் வெளியே தெரியாமல் போகின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. சாலைகளில் போலீசார் வண்டிகளை நிறுத்திப் பிலிமை உரித்தார்கள். கத்திரி வெயில் தொடங்கும் வேளை அது. வழக்கமாக அப்பாவுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாத மாதம். அந்த ஆண்டு அப்பா கொட்டகையில் உட்கார்ந்து, தாமே ஒட்டிய பிலிமைத் தாமே உரித்துக் கொடுத்தாராம். அதற்குக் கூலி கேட்கக் கூச்சமாக இருந்தது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அப்போதுதான் அப்பாவின் நண்பர் ஒருவர், “கார் போனால் என்ன? வீடும் கடையும் இருக்கின்றனவே! அங்கேயும் கண்ணாடிதானே?” என்று யோசனை சொன்னார். அப்பாவுக்கும் அது எளிதாகத் தோன்றியது. வளைந்த கண்ணாடியில் ஒட்டியவனுக்குத் தட்டைக் கண்ணாடி என்ன பெரிய காரியம் என்று நினைத்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அப்பாவுக்கும் சறுக்கியது.

முதல் பெரிய வேலை ஒரு துணிக்கடை முகப்பு. மேற்குப் பார்த்த கடை. எட்டடி உயரக் கண்ணாடி. மாலை வெயிலில் துணிகளின் நிறம் வெளுக்கிறது என்று கடைக்காரர் குறைப்பட்டார். அப்பா தம்மிடம் மீந்திருந்த கார்ப் பிலிமை, அதுவும் மிகக் கறுப்பானதை, அழகாக ஒட்டிக் கொடுத்தார். பத்து நாள் கழித்து ஒரு மதியம் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் நீளமாக விரிசல் விட்டிருந்தது. யாரும் கல்லெறியவில்லை. யாரும் மோதவும் இல்லை.

அப்பா அன்று மாலையே பழைய கண்ணாடிக்கடைத் தாத்தா ஒருவரிடம் போய்க் கேட்டார். தாத்தா சிரித்துவிட்டு விளக்கினாராம். “தம்பி, கார்க் கதவில் இருப்பது சூடேற்றிப் பதப்படுத்திய டஃப்பன்டு கண்ணாடி. அது சூட்டைத் தாங்கும். கடையில் இருப்பது பிளெயின் கண்ணாடி. நீ ஒட்டிய கறுப்புப் பிலிம் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியின் நடுவைச் சுட வைக்கிறது. நடுப்பகுதி விரியப் பார்க்கிறது. விளிம்போ சட்டத்துக்குள் குளிர்ச்சியாக இருக்கிறது, அதனால் விரியவில்லை. மேலே போர்டு நிழல் வேறு பாதிக் கண்ணாடியில் விழுகிறது. இழுபறியில் விளிம்பில் எங்கே சின்னச் சில்லு பெயர்ந்திருக்கிறதோ அங்கே விட்டுப்போகும்.”

புதுக் கண்ணாடிக்கும் பொருத்துகூலிக்கும் ஆறாயிரம் ரூபாய் ஆயிற்று. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அதன்பின் அப்பா ஆறுமாத காலம் அந்தத் தாத்தாவின் கடையில் கூலிக்கு வேலை செய்துகொண்டே கண்ணாடியைப் பற்றிக் கற்றுக்கொண்டார். கண்ணாடி எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர் கனம், எந்தத் திசையைப் பார்க்கிறது, நிழல் எங்கே விழுகிறது, விளிம்பு சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று ஐந்து கேள்விகள் கேட்காமல் இன்றுவரை அவர் எந்த வேலையையும் ஒப்புக்கொள்வதில்லை. பிறகு கார் விதிகளில் மாற்றம் வந்தது. விதி அனுமதிக்கும் அளவுக்குள் பிலிம் ஒட்டலாம் என்று 2024இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் அப்பா முழுக்க முழுக்க வீட்டு ஜன்னல்காரர் ஆகிவிட்டார்.

சென்ற மே மாதம், அதாவது 2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அப்பாவின் உதவியாளர் அண்ணனுக்கு அம்மை போட்டுவிட்டது. பெரிய கண்ணாடி வேலைக்கு இரண்டு ஆள் கட்டாயம் வேண்டும். “நான் வருகிறேன் அப்பா” என்றேன். அப்பா யோசித்தார். அம்மா, “பெண்பிள்ளை ஏணியில் ஏறுவதா?” என்றார்கள். பிறகு அம்மாவே என் தலைமுடியை இறுக்கிப் பின்னி, பழைய சுடிதாரைப் போட்டு அனுப்பிவைத்தார்கள்.

முதல் வாரம் நான் கற்றதெல்லாம் துடைப்பதுதான். வீட்டு ஜன்னலில் வெள்ளையடித்தபோது தெறித்த புள்ளிகள், பெயின்ட், சட்டத்தின் மக்கு எல்லாம் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து, பிளேடு வைத்த ஸ்கிராப்பரைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்ட வேண்டும். ஒரு மணல் துகள் தங்கினாலும் பிலிமுக்கு அடியில் கொப்புளமாக நிற்கும். வேலை தொடங்குமுன் அறையின் மின்விசிறியை நிறுத்த வேண்டும். இது தெரியாமல் நான் ஒருநாள் வேர்க்கிறதே என்று விசிறியைப் போட்டேன். இறக்கைமேல் இருந்த ஓராண்டுத் தூசி முழுதும் ஈரக் கண்ணாடியில் வந்து அமர்ந்தது. மறுபடி முதலிலிருந்து கழுவினோம்.

பிறகு பிலிம். அதன் பசைப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாள் ஒன்று மூடியிருக்கும். மூலையின் இரு பக்கமும் இரண்டு செலோடேப் துண்டுகளை ஒட்டி எதிரெதிராக இழுத்தால் தாள் பிரியும். பிரிந்த இடத்தில் உடனே சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிலிம் தன்மேலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும். அதைக் கண்ணாடிமேல் வைத்து, வழுக்கி நகர்த்தி, சரியான இடம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் தட்டால் தண்ணீரைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்ட வேண்டும். சட்டத்தைத் தொட்டால் பிலிம் நாளடைவில் தூக்கிக்கொள்ளும்.

கார் வேலையில் நாளெல்லாம் உறுமிக்கொண்டிருந்த ஹீட் கன் இங்கே பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது. ஆனால் காரில் இல்லாத தொல்லைகள் இங்கே உண்டு. ஜன்னலுக்கு உள்ளே கிரில் கம்பி இருந்தால் கை நுழையாது. கதவைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். சொரசொரப்பான பூப்போட்ட கண்ணாடியில் பிலிம் பிடிக்காது. கார் நம் கொட்டகைக்கு வரும். வீட்டுக்கோ நாம் போகிறோம். சோபாவின்மேல் துணி விரித்து, தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்துவிட்டு வர வேண்டும்.

மே மாத நடுவில் ஓய்வுபெற்ற டீச்சர் பாட்டி ஒருவர் வீட்டுக்குப் போனோம். அவர் தனியாக வசிக்கிறார். கண்புரை அறுவை செய்துகொண்டவர். கூடத்தின் மேற்கு ஜன்னலில் இறங்கும் வெயிலால் மூன்று மணிக்குமேல் அவரால் செய்தித்தாள் படிக்க முடியவில்லை. “நல்ல கறுப்பாக ஒட்டிவிடுங்கள் தம்பி” என்றார். அப்பா மறுத்தார். “கறுப்பாக இருந்தால்தான் சூடு குறையும் என்பதில்லை அம்மா. சூடு பாதிக்குமேல் கண்ணுக்குத் தெரியாத கதிர்களில் வருகிறது. இலேசான பிலிமே அதைத் தடுக்கும். உங்களுக்குப் படிக்க வெளிச்சமும் வேண்டுமே” என்றார். இன்னொன்றும் சொன்னார். “பகலில் வெளியிலிருந்து உள்ளே அவ்வளவாகத் தெரியாது. இரவில் நீங்கள் விளக்குப் போட்டால் வெளியே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். திரைச்சீலையைக் கழற்றிவிடாதீர்கள்.” வேலை கிடைக்கும் என்பதற்காக அப்பா எதையும் மறைக்கவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை.

நடுவில் இருந்தது திறக்க முடியாத பெரிய கண்ணாடி. நான் முக்காலியின்மேல் நின்று மேல்மூலையைப் பிடித்தேன். அப்பா கீழே பிடித்திருந்தார். ஈரக் கை வழுக்கிப் பிலிம் என் பக்கம் மடங்கி விழுந்தது. எடுத்து விரித்தேன். மூலையில் நகத்தளவு மடிப்புக் கோடு ஒன்று விழுந்துவிட்டது. ரப்பர் தட்டால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். போகவில்லை. அந்த இடம் திரைச்சீலைக் கம்பிக்குப் பின்னால் மறையும். அப்பா குனிந்து கீழ் விளிம்பை வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை முடிந்தது. பாட்டி ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணைச் சுருக்காமல் செய்தித்தாளைப் படித்துப் பார்த்தார். அவருக்கு அத்தனை மகிழ்ச்சி! எனக்குக் காபியும் முறுக்கும் கொடுத்து, “பெண்பிள்ளை இப்படி உழைப்பதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது” என்று ஓர் அகராதியைப் பரிசாகத் தந்தார். தாம் ஆசிரியையாக இருந்தபோது பயன்படுத்தியது. முறுக்கு என் தொண்டையில் இறங்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அகராதி மேசைமேல் இருந்தது. பத்து மணிக்கு எழுந்து போய் அப்பாவிடம் மடிப்பைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

“பாப்பா, துணிக்கடைக் கண்ணாடி விரிசல் விட்டதே, அன்றைக்கு நான் ‘கண்ணாடி சரியில்லை’ என்று சொல்லியிருக்கலாம். கடைக்காரர் நம்பியிருப்பார். அவருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு அந்த எண்ணம் வரவும் செய்தது. உன் அம்மாதான் வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வருடம் அதே கடைக்காரர் மாடி முழுவதையும் எனக்கே கொடுத்தார். காலையில் போகலாம், தூங்கு” என்றார்.

மறுநாள் பாட்டி வீட்டில் அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “நீயே சொல்” என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். குரல் நடுங்கியது. பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலையை அண்ணாந்து பார்த்தார். “எனக்கு இது தெரிந்தே இருக்காதே!” என்றார். பிறகு, “முப்பத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். மதிப்பெண் குறைந்துவிட்டது என்று வந்த பிள்ளைகள் ஆயிரம். தப்பாக அதிக மதிப்பெண் போட்டுவிட்டீர்கள் டீச்சர் என்று வந்தவர்கள் இரண்டே பேர். நீ மூன்றாவது” என்றார்.

மடிந்த பிலிமைச் சரிசெய்ய முடியாது. முழுவதையும் உரித்து, பசையைச் சுரண்டி, புதுத் துண்டு வெட்டினோம். ஒரு நாள் கூலியும் பிலிமும் எங்கள் நட்டம். அப்பா மேல்மூலையை மறுபடியும் என்னிடமே கொடுத்தார். அதுதான் எனக்கு வியப்பு. இம்முறை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, விரல் நுனியால் பிடித்தேன். தண்ணீரெல்லாம் காய்ந்து பிலிம் தெளிவாக ஒரு மாதம் ஆகும், அதுவரை துடைக்கக் கூடாது என்று பாட்டியிடம் நானே சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் மாத இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஜன்னலைப் பார்க்கப் போனேன். மாலை நான்கு மணி. வெயில் ஜன்னலில் இருந்தது. பாட்டி படித்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு கோடும் இல்லை.

இப்போது பள்ளி திறந்து, பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மதிய வகுப்பில் நான் ஜன்னலையே பார்க்கிறேன் என்று சிஸ்டர் இருமுறை கண்டித்தார்கள். சிஸ்டர், நான் வேடிக்கை பார்க்கவில்லை. நம் வகுப்பு ஜன்னலும் மேற்குப் பார்த்தது. பிளெயின் கண்ணாடி. வேப்பமர நிழல் பாதியில் விழுகிறது. கறுப்புப் பிலிம் ஒட்டக் கூடாது, இலேசானதுதான் சரி என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னியுங்கள்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் புதிதாக வந்த மாணவி ஒருத்தி என்னிடம், “உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?” என்று கேட்டாள். “வீட்டு ஜன்னல்களுக்கும் கடைக் கண்ணாடிகளுக்கும் கூலிங் பிலிம் ஒட்டுகிறார். முன்பு கார்களுக்கு ஒட்டினார். விடுமுறையில் நானும் போவேன்” என்றேன். “எங்கள் வீட்டு மாடியில் ஒரே வெயில். வந்து பார்ப்பீர்களா?” என்று கேட்டாள்.

“எந்தத் திசையைப் பார்த்த ஜன்னல்?” என்று நான் கேட்டேன்.