முதல் கேள்வி

"வீட்டை என்னம்மா பண்ணப் போறீங்க?"

அவரைப் பற்றிச் சொன்னதும் மகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் யார், எப்படிப்பட்டவர், உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று எதுவும் கேட்கவில்லை. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நூலகத்தில் பழக்கமானவர் அவர். மனைவியை இழந்தவர். திருமணப் பேச்சையே நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் வீட்டுப் பத்திரம் பேச்சில் வந்துவிட்டது.

கோபத்தோடு படுக்கப்போனேன். தூக்கம் வராமல், மகள் பார்க்கச் சொல்லியிருந்த 'பிரிட்ஜர்டன்' தொடரைப் போட்டேன். 1813ஆம் ஆண்டு லண்டன். இளம்பெண்களின் காதலில் மனம் ஒட்டவில்லை. கைத்தடியோடு வலம்வரும் லேடி டான்பரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் அனுமதி கேட்காத விதவை. அந்தக் காலத்தில் ஒரு விதவைக்கு இவ்வளவு இடம் இருந்திருக்குமா என்ற சந்தேகத்தில்தான் படிக்கத் தொடங்கினேன்.

இருந்திருக்கிறது, பணம் இருந்தால். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மணமான பெண் தனி ஆளே இல்லை. அவள் கணவனுக்குள் அடங்கிவிடுகிறாள். இந்த ஏற்பாட்டுக்குக் 'கவர்ச்சர்' என்று பெயர். அவள் பணமும் நகையும் அவனுடையவை. நிலத்தின் வருமானம் அவன் கைக்குப் போகும். தன் பெயரில் ஒப்பந்தம் போடவோ வழக்குத் தொடரவோ அவளால் முடியாது. கணவன் இறந்த நாளில் அவள் மறுபடியும் தனி ஆளாகிறாள். மேல்தட்டுக் குடும்பங்களில், திருமணத்தின்போதே எழுதிவைத்த 'ஜாயிஞ்சர்' என்ற ஆண்டுத்தொகை அன்று முதல் அவள் கைக்கு வரும். கறுப்பு உடை அணியும் துக்ககாலம் முடிந்ததும் தன் பெயரில் வீடு எடுக்கலாம், விருந்து வைக்கலாம், பயணம் போகலாம். அப்பனுக்கும் புருஷனுக்கும் கட்டுப்படாமல் வாழ அந்தச் சமூகம் ஒரு பெண்ணுக்குத் திறந்துவைத்திருந்த முக்கியமான வழி, ஒரு சாவு.

ஆனால் அவள் காதலித்தால்? மறுமணம் செய்த மறுகணமே கவர்ச்சர் திரும்பிவரும். பல கணவர்கள் தம் உயிலில் 'விதவையாக இருக்கும்வரை' என்றே மனைவிக்கு எழுதிவைத்தார்கள். செத்த பிறகும் வாசலில் நின்று காவல் காத்தார்கள்.

இங்கே சிரிக்க முடியவில்லை. ஆங்கிலேயர் நமக்குப் போட்ட 1856ஆம் ஆண்டு இந்து விதவை மறுமணச் சட்டத்தைப் பெரிய சீர்திருத்தம் என்று பள்ளியில் படித்தேன். அதே சட்டத்தின் 2ஆவது பிரிவு, மறுமணம் செய்பவளுக்கு முதல் கணவன் சொத்தில் இருந்த உரிமை போய்விடும் என்கிறது. அதை எந்த ஆசிரியரும் சொல்லித்தரவில்லை. என் மகனின் கேள்வி அவனாகக் கண்டுபிடித்ததல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

ஜேன் ஆஸ்டினுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 1817இன் இறுதியில் வெளிவந்த 'பெர்சுவேஷன்' நாவலில் லேடி ரசல் வசதியான விதவை. மறுமணம் செய்யவில்லை. அதற்கு விளக்கமே தேவையில்லை என்பதுபோல் ஆஸ்டின் கடந்துபோகிறார். அதே நாவலில் பணமில்லாத விதவை திருமதி ஸ்மித், நோயோடு பாத் நகரில் ஒரு வாடகை அறையில் முடங்கிக் கிடக்கிறாள். இருவருக்கும் கணவன் இல்லை. ஒருத்திக்குத்தான் சுதந்திரம்.

அந்தக் கணக்கைப் பார்க்காமல் காதலித்தவர் ஹெஸ்டர் த்ரேல். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்று, அவர்களில் பலரைப் பறிகொடுத்தவர். மதுபான ஆலை முதலாளியான கணவர் 1781இல் இறந்தார். 1784இல் ஹெஸ்டர், மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த இத்தாலியர் கேப்ரியல் பியோட்சியை மணந்தார். வெளிநாட்டான், கத்தோலிக்கன், கூலிக்குப் பாட்டுச் சொல்லித்தருபவன் என்று ஊரே தூற்றியது. மூத்த மகள் ஏற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அவர் வீட்டில் உண்டு உறங்கிய சாமுவேல் ஜான்சன் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். ஹெஸ்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. என் கணவரை மதித்துப் பேசும்வரை நமக்குள் பேச்சு வேண்டாம் என்ற பொருளில் பதில் எழுதினார். 1809இல் பியோட்சி இறக்கும்வரை இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

மறுபடியும் விதவையான அவர் பாத் நகரில் குடியேறினார். 1820 ஜனவரி 27 அன்று, தன் 80ஆவது பிறந்தநாள் என்று சொல்லி, 600 பேருக்கு மேல் அழைத்து நடன விருந்து வைத்தார். ஆட்டத்தைத் தானே தொடங்கிவைத்தார். அந்த வயதில் வில்லியம் கான்வே என்ற இளம் நடிகர்மேல் அவருக்கு மிகுந்த பிரியம். அது காதலா, தாய்ப்பாசமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அவர் இறந்த பிறகு, 1843இல், அந்தக் கடிதங்களை 'எண்பது வயதில் எழுதிய காதல் கடிதங்கள்' என்ற பொருள்படும் தலைப்போடு அச்சிட்டார்கள். கிழவியின் ஆசையைக் காட்டிச் சிரிக்க வைப்பதற்காக. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிரியத்துக்கு என்ன பெயர் என்று சொல்லும் கடமையும் அவருக்கு இல்லை என்றே தோன்றியது.

கணக்கையும் பார்த்துக் காதலித்தவள் ஹேரியட் மெல்லன். நடிகை. 1815இல் முதிய வங்கி முதலாளி தாமஸ் கூட்ஸை மணந்தாள். 1822இல் அவர் இறந்தபோது சொத்தை அவளுக்கே விட்டுப்போனார். 1827இல் தன்னைவிட இருபது வயதுக்கு மேல் இளையவரான செயின்ட் ஆல்பன்ஸ் கோமகனை மணந்தாள். கேலிச்சித்திரக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. ஆனால் சொத்து கோமகன் கைக்குப் போகவில்லை. மனைவியின் சொத்தைத் தனியே காக்கும் பத்திர ஏற்பாடு வசதியுள்ளவர்களுக்கு அன்றே இருந்தது. 1837இல் இறந்தபோது, அதில் பெரும்பகுதியை முதல் கணவரின் பேத்தி ஏஞ்சலா பர்டெட்டுக்கு எழுதிவைத்திருந்தாள். சாதாரணப் பெண்களுக்கு அந்த உரிமை கிடைக்க 1882ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தனையும் படித்த பிறகு மகன்மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி இருக்கட்டும். போன வாரம் வழக்கறிஞரைப் பார்த்து உயில் எழுதினேன். நான் இருக்கும்வரை வீடு என்னுடையது. அதற்குப் பிறகு பிள்ளைகள் இருவருக்கும் சமபங்கு. நகலை மகனிடம் கொடுத்துச் சொன்னேன்:

"உன் கேள்விக்குப் பதில் இதுல இருக்கு. ஞாயித்துக்கிழமை அவர் சாப்பிட வர்றார். நீயும் வா. நீ கேட்க மறந்ததையெல்லாம் அவர்கிட்டயே கேளு."