நூற்றுக்கு நூறு முளைக்க வேண்டியதில்லை

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் பூச்சி, நோய், உரம் பற்றியவை. இம்முறை ஆசிரியர் எனக்கு அனுப்பிய கடிதம் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் வேளாண் பட்டம் படித்த ஓர் இளைஞர். மூன்று ஆண்டுகளாக உரக்கடையில் வேலை பார்க்கிறார். ஒரு நிறுவனத்தில் இரண்டு மடங்கு சம்பளத்தில் வேலை இருக்கிறதாம். ஆனால் ஐந்து ஆண்டு அனுபவம், ஆங்கிலம், கணினி எல்லாம் கேட்கிறார்களாம். ‘விண்ணப்பித்தால் அசிங்கப்பட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?’ என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஐம்பத்து மூன்று வயதில் போன புரட்டாசியில் நானும் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

என் வீடு மதுரை வில்லாபுரத்தில். வேலை, தெற்கே கரிசல் காட்டுப் பக்கம் ஒரு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில். கொரோனாவுக்குப் பிறகு என் கணவரின் அச்சகம் படுத்துவிட்டது. வீட்டுக் கடன் பாக்கி, மகனின் கல்லூரிக் கட்டணம் என்று என் ஒரு சம்பளத்தில்தான் எல்லாம் ஓடுகிறது. அந்த நேரத்தில் ஒரு விதை நிறுவனத்தின் விளம்பரத்தை மகள் காட்டினாள். தென் மாவட்டங்களுக்குத் தொழில்நுட்ப மேலாளர் வேலை. சம்பளம் நான் வாங்குவதைவிட ஒன்றரை மடங்கு. கீழே பத்துத் தகுதிகள் கேட்டிருந்தார்கள். படித்துவிட்டு, “இதெல்லாம் நமக்குச் சரிப்படாதும்மா” என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்படித் திருப்பிக் கொடுப்பது எனக்குப் புதிதல்ல. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் இறுதியாண்டு படித்தபோது, மேல்படிப்புக்கான அகில இந்திய உதவித்தொகைத் தேர்வுக்கு எல்லோரும் விண்ணப்பம் போட்டார்கள். என் ஆங்கிலத்தை நம்பி டெல்லி, லூதியானா என்று எங்கே போவது என்று நான் போடவில்லை. என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய தோழி போட்டாள். இன்று அவள் பேராசிரியர். என்னை யாரும் நிராகரிக்கவில்லை. அந்த வேலையை நானே செய்துகொண்டேன்.

விளம்பரம் பார்த்த அடுத்த வாரம், மானாவாரி விதைப்புக்கு ஆயத்தமாகும் நேரம். வயதான பெரியம்மா ஒருவர் முந்தானையில் உளுந்து முடிந்துகொண்டு அலுவலகத்துக்கு வந்தார். போன வருசம் எடுத்து வைத்த விதை. அங்கங்கே வண்டு துளைத்திருந்தது. “இது ஆகுமா தாயி?” என்று கேட்டார்.

பார்வைக்குச் சுமார்தான். ஆனால் பார்த்த மாத்திரத்தில் ஆகாது என்று சொல்ல நாங்கள் படிக்கவில்லை. “நல்லது கெட்டது பொறுக்காம, கைக்கு வந்தபடி நூறு விதை எண்ணி எடுங்க பெரியம்மா. ஈரச் சாக்குல பரப்பிச் சுருட்டி வைங்க. காயாம தண்ணி தெளிங்க. முளைச்சதை எண்ணிட்டு வாங்க” என்று அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து வந்தார். “எழுவத்தெட்டுதான் தாயி மொளச்சிருக்கு.”

“எழுபத்தஞ்சு இருந்தாலே போதும் பெரியம்மா. கொஞ்சம் கூடுதலா விதைச்சிடுங்க.”

“அதான பாத்தேன். நூறும் மொளச்சாத்தான் வெதைப்பேன்னு இருந்தா, எந்த வருசந்தான் வெதைக்கிறது?”

அவர் உளுந்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது உளுந்தோடு நிற்கவில்லை. விதைச்சான்றில் குறைந்தபட்ச முளைப்புத்திறன் மக்காச்சோளத்துக்கு 90, நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70, மிளகாய்க்கு 60 சதவிகிதம். நூறு கேட்கிற பயிர் எதுவும் கிடையாது. இருபத்தேழு வருசமாக இதை ஊருக்கெல்லாம் சொல்லும் நான், என்னிடம் மட்டும் நூறு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு விளம்பரத்தை மறுபடி வாங்கிப் பத்துத் தகுதிகளையும் ஒரு தாளில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே, நான் நினைப்பதை எழுதாமல், செய்ததை மட்டும் எழுதினேன். கள அனுபவம், செயல்விளக்கத் திடல் அமைத்தது, விவசாயிகளுக்குப் பயிற்சி நடத்தியது எல்லாம் கேள்வியே இல்லாமல் உண்டு. கணினி? உழவன் செயலிப் பதிவும் பயிர்க் காப்பீட்டுக் கணக்கும் தினமும் செய்வதுதான். ஆங்கிலம்? சரளமாகப் பேச வராது. ஆனால் அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் பத்தில் எட்டு. உண்மையில் இல்லாதவை இரண்டு: விற்பனை அனுபவம், கார் ஓட்டத் தெரிவது.

எங்கள் துறையில் பெரிய சம்பளத்தை வேண்டாமென்றவர்களைப் பெருமையாகச் சொல்வது வழக்கம். எம்.எஸ்.சுவாமிநாதன் கோவை வேளாண் கல்லூரியில் படித்தவர். 1948-ல் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வானார். நெதர்லாந்தில் மரபியல் படிக்க யுனெஸ்கோ உதவித்தொகையும் கிடைத்தது. காவல் பணியை விட்டுவிட்டு மரபியலுக்குப் போனார். பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தபோது அங்கேயே வேலை தருவதாகச் சொன்னார்கள். அதையும் ஏற்காமல் 1954-ல் நாடு திரும்பி, கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அவர் வேண்டாம் என்று சொன்னது கைக்கு வந்த பிறகு. கிடைக்காது என்று ஒதுங்கிக்கொண்டு, அதற்கு ‘மக்கள் சேவை’ என்று பெயர் வைத்தவள் நான். இரண்டும் ஒன்றல்ல.

துறையில் அனுமதி கேட்டு, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு விண்ணப்பித்தேன். கார்த்திகையில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். பாதிப் பேச்சு தமிழிலேயே நடந்தது. நான் நடுங்கிய ஆங்கிலத்தை யாரும் குறையாகச் சொல்லவில்லை. “எங்கள் விதை ஒரு ஊரில் முளைக்கவில்லை என்றால் விவசாயியிடம் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டார்கள். “முதலில் விதைக் குவியல் எண்ணைக் குறித்துக்கொள்வேன். மீதி விதையைப் பரிசோதனைக்கு அனுப்புவேன். விதையில் குறை இருந்தால் குறை என்றுதான் சொல்வேன்” என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்கள்.

வேலை கிடைக்கவில்லை. விற்பனை அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டதாகத் தகவல் வந்தது. ஒரு வாரம் மனசு கசந்தது உண்மை. கடன் அப்படியே இருக்கிறது. ஆனால் முப்பது வருசமாக நான் சுமந்த பயம் வேறு, உண்மையான குறை வேறு என்று தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி இருந்திருக்காது.

தம்பி, நீங்களும் அப்படி ஒரு தாள் எழுதுங்கள். மூன்று ஆண்டு அனுபவத்தை ஐந்து என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது வேறு விதையைப் பையில் போட்டு முத்திரை குத்துவது போல. வேலை கிடைத்தால், கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேளுங்கள்: கையில் வரும் சம்பளம் எவ்வளவு, விற்பனை இலக்கு என்ன, தகுதிகாண் காலம் எத்தனை மாதம், பயணப்படி தனியா, வருங்கால வைப்பு நிதி உண்டா. இப்போதைய கடையில் அனுபவச் சான்றும் வாங்கிவிடுங்கள். என்னைப்போல் அரசுப் பணியில் இருப்பவர்கள் விருப்ப ஓய்வு, ஓய்வூதியக் கணக்கையெல்லாம் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகத் தெரிந்துகொண்ட பிறகே விலகல் கடிதத்தைத் தொட வேண்டும். இந்தக் கணக்குகளைப் பார்த்து வேண்டாமென்று முடிவெடுத்தால் அதில் வெட்கமில்லை. பயந்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பெரியம்மாவின் உளுந்து நன்றாக வந்திருந்தது. முளைப்பு குறைந்ததற்கு ஈடாக ஏக்கருக்கு இரண்டு கிலோ கூடப் போட்டேன் என்றார். நானும் அந்த இரண்டு கிலோவைப் போடத் தொடங்கியிருக்கிறேன். தினமும் காலை ஆறு மணிக்கு, வில்லாபுரம் வீட்டு வசதி வாரியத் தெருக்களில் பயிற்சிப் பள்ளிக் காரை உருட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு விளம்பரமும் வந்திருக்கிறது. இந்த முறை போனை மகளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.