ஊருக்குப் போய் வந்த கணக்கு

ஹட்டன் பஸ் நிலையத்தில் காலையில் கினிகத்தேனை பஸ் ஏறுகிறவர்களில் பலரின் கையில் ஒரு பைல் இருக்கும். அம்பகமுவை பிரதேச செயலகம் கினிகத்தேனையில் இருப்பதே காரணம். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வுட் பக்கத்துத் தோட்டத்து மக்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று எந்தக் காரியத்துக்கும் வெகுகாலம் அங்கேதான் இறங்கிப் போய் வந்தார்கள். அப்பாவின் பிறப்புப் பதிவைத் தேடி நானும் அப்படித்தான் புறப்பட்டேன்.

ரொசல்ல தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வட்டவளைப் பக்கம் மழைக்குப் பேர்போனது. படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிய பெண்கள் நனைந்தபடியே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கரோலினா கழிந்து கீழே இறங்க இறங்கத் தேயிலை நிரைகள் குறைந்து, கித்துலும் பலாவும் பாக்குமரமும் நிறைந்த சிங்களக் கிராமத் தோட்டங்கள் வரத் தொடங்கின.

பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். "தம்பி எந்தத் தோட்டம்?"

சொன்னேன். அவர் பிறந்தது மஸ்கெலியாப் பக்கம். 1977 கலவரத்தில் வவுனியாவுக்குப் போய்க் குடியேறிய குடும்பம். யுத்தம் அங்கேயும் துரத்த, படகேறி மண்டபம் போய், தமிழ்நாட்டு அகதி முகாமில் பிள்ளைகளை வளர்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"எங்கப்பா அறுபத்து நாலுல இங்கதான் இருந்தாருன்னு காட்டணுமாம் தம்பி. அவரு இங்கதான் கவ்வாத்து வெட்டுனாரு. அதுக்கு என்னத்த காட்டுறது? தோட்டத்து ஆபீசுல பழைய செக்ரோல் இருக்குமா?"

அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக் கேள்வியும்தான்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மண்ணில் பிறந்ததை மட்டும் ஒரு தகுதியாக ஏற்கவில்லை. தகப்பனாவது, அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனுமாவது இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்பே பதியப்படாத லயத்துச் சனங்களுக்கு அதை நிரூபிக்க ஏது வழி? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வேறொரு கதவைத் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். அதன் பிறகு விண்ணப்பிக்கும் நாள் வரையிலும் அந்த வதிவு அறுந்திருக்கக் கூடாது. ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்தால் அறுந்ததாகவே கொள்ளப்படும். மனைவியின் வதிவும் பிள்ளைகளின் வதிவும் அப்படியே ஆராயப்பட்டன.

எங்கள் அப்பாயி வாக்கப்பட்டு வட்டவளைப் பக்கம் வந்தவர். தலைப்பிரசவத்துக்குத் துறையூர்ப் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போனார். கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் போவதைத் தடைசெய்திருந்த காலம். பின்னாலேயே யுத்தமும் வந்தது. போனவர் நினைத்தபடி திரும்ப முடியவில்லை. பெரியத்தை நடை பழகிய பிறகே இருவரும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஒரு பயணம் போதுமாக இருந்தது. தாத்தாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்றுதான். இன்றைக்குக் கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்ற நம் பிள்ளைகளுக்கு 5 ஆண்டுகளில் 730 நாட்கள் அங்கே இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். பிரித்தானியாவில் இருப்பவருக்கு 2 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வெளியே தங்கினால் உரிமை போய்விடும் என்பது தெரியும். தாய்க்குச் சுகமில்லை என்று ஊர் வந்தாலும் நாட்காட்டியைப் பார்த்துத் திரும்பிவிடலாம். அப்பாயி பிரசவத்துக்குப் போனபோது அப்படியொரு சட்டமே இல்லை. 1949 இல் எழுதிய சட்டம், பத்து ஆண்டுகளுக்கு முந்திய பயணங்களைப் பின்னோக்கி எண்ணியது. கல்யாணம், கருமாதி, குலசாமிக்கு நேர்த்தி என்று ஊருக்குப் போய் வந்ததெல்லாம் குற்றப்பத்திரிகையானது.

விண்ணப்பிக்க இறுதி நாள் 1951 ஆகஸ்ட் 5. சுமார் 8 இலட்சம் பேர் அந்த விண்ணப்பங்களுக்குள் அடங்கியிருந்தார்கள். கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. மிச்சமிருந்தவர்களின் தலைவிதியை 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் எழுதியது. 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை உரிமை தரும். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பத்து ஆண்டு கழித்து அவர்களையும் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஹட்டன் ஸ்டேஷனில் குடும்பங்கள் பிரிந்து அழுத அந்தக் கோச்சியை மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே இன்றும் சொல்கிறது. தாத்தா நாடற்றவராகவே கண்மூடினார். அப்பாயி வாக்களித்தது 1988 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான்.

2003 இல் வந்த 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் உரிமை தந்தது. ஆனால் கலவரத்துக்கும் யுத்தத்துக்கும் அஞ்சித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்கள் 'நிரந்தரமாக வசித்தவர்' என்ற சொல்லுக்கு வெளியே நின்றார்கள். 2009 இல் வந்த திருத்தமே, ஓடிப் போனவர்களுக்கும் வழி செய்தது. உயிருக்குப் பயந்து போவது ஊரைத் துறப்பதாகாது என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள அறுபது ஆண்டு பிடித்திருக்கிறது.

கினிகத்தேனைச் சந்தியில் இறங்கினோம். நாவலப்பிட்டியிலிருந்து வரும் பாதை ஹட்டன் வீதியோடு சேரும் இடம். மழையிலும் கூட்டம் குறையவில்லை. செயலகத்தில் வரிசை நீண்டிருந்தது. அப்பாவின் பதிவு மதியத்துக்குள் கிடைத்துவிட்டது. பெரியவரை இன்னும் சில கடதாசிகளோடு வரச் சொன்னார்கள். "நாளைக்குத் தோட்டத்துக்குப் போய்ப் பெரிய கிளாக்கரைப் பாக்குறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, தேநீர் கூடக் குடிக்காமல் ஹட்டன் பஸ்ஸைப் பிடித்தார்.

மலையகத்து வீடுகளில் பத்துச்சீட்டோ, பழைய இந்தியக் கடவுச்சீட்டோ, பெயர் மங்கிய சம்பளத் துண்டோ கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். படியெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தோட்ட அலுவலகங்களில் எஞ்சியிருக்கும் பழைய செக்ரோல்களைக் கறையானுக்கு விடாமல் அரசு பொறுப்பேற்று, தேசிய சுவடிகள் திணைக்களத்தில் சேர்க்க வேண்டும். இந்த நாட்டில் நம் முன்னோர் வாழ்ந்த ஒவ்வொரு நாளுக்கும் சாட்சி அந்தப் பேரேடுகளில்தான் இருக்கிறது.